ஒடெசாவிலிருந்து புறப்பட்ட குதிரைகள்

சேணம் ஏறியவர்கள் – 9

சென்ற இதழில் ஐசக் மர்ஃபியின் கதையை 1896 பிப்ரவரியில் முடித்தோம். மூன்று முறை கென்டக்கி டெர்பி வென்ற அந்தக் கறுப்பின ஜாக்கி லெக்ஸிங்டனில் நிமோனியா கண்டு இறந்தபோது அவருக்கு வயது 35. அவருடைய இடத்துக்கு யார் வரப்போகிறார் என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். வரவேண்டியவர் அதே லெக்ஸிங்டனுக்குப் பக்கத்தில் சைல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் வளர்ந்துகொண்டிருந்தார். குத்தகைக்குப் பயிர் செய்த ஓர் ஏழைக் குடியானவரின் 17 பிள்ளைகளில் கடைக்குட்டி. 1882-ல் பிறந்தவர். பெயர் ஜிம்மி விங்க்ஃபீல்ட்.

மர்ஃபியின் பெயரைப் பந்தய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். விங்க்ஃபீல்டின் பெயரோ அவருடைய சொந்த நாட்டிலேயே அரை நூற்றாண்டுக்கு மேல் புதைந்து கிடந்தது. திறமையில் அவர் ஒரு மாற்றுக் குறைந்தவர் இல்லை. அவர் வென்ற பெரிய பந்தயங்களில் பாதிக்கு மேல் நடந்த நாடு பிறகு வரைபடத்திலேயே இல்லாமல் போனதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஜார் ஆண்ட ரஷ்யாவின் பந்தயப் பதிவுகளை அமெரிக்காவில் யார் புரட்டிப் பார்ப்பார்கள்? இரண்டு டெர்பிகளை மட்டும் வைத்து அவரை எடைபோட்டார்கள். பிறகு அதையும் மறந்தார்கள்.

கென்டக்கியில் குதிரையும் கறுப்பினத்தவரும் எப்படிப் பிணைந்தார்கள் என்பதை முதல் அத்தியாயங்களில் பார்த்தோம். அடிமைமுறைக் காலத்தில் லாயத்து வேலை முழுவதும் அவர்கள் தலையில்தான். பழக்குவது, தேய்ப்பது, ஓட்டுவது எல்லாமே அவர்கள்தான். விடுதலைக்குப் பிறகும் அந்தக் கைப்பழக்கம் அவர்களிடமே இருந்தது. 1875-ல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய 15 குதிரைகளில் 13-ன் மேல் கறுப்பின ஜாக்கிகள் அமர்ந்திருந்தார்கள். முதல் 28 டெர்பிகளில் 15-ஐ அவர்களே வென்றார்கள். அந்தப் பதினைந்தில் கடைசி இரண்டு, விங்க்ஃபீல்டுடையவை.

லெக்ஸிங்டன் தெருவில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பையன், பதின்ம வயதில் லாயத்துக்குள் நுழைந்து காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டத் தொடங்கினார். 1898 ஆகஸ்டில் சிகாகோவில் முதல் பந்தயம். புறப்பட்ட வேகத்தில் உள் வேலியைப் பிடித்துவிட வேண்டும் என்று குறுக்கே வெட்டினார். மற்ற குதிரைகள் மீது மோதிப் பெரிய விபத்தாகிவிட்டது. முதல் நாளே ஓராண்டுத் தடை! அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஆள் மாறியிருந்தார். குதிரையின் வேகத்தை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டிருந்தது.

ஆனால் அவர் மேலே வந்த நேரம் சரியில்லை. ஜாக்கிகளுக்குக் கிடைத்த பணம் ஏற ஏற, வெள்ளையர்களின் கண் அந்தத் தொழில் மீது விழுந்தது. 1896 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டியில் நிறம் பார்த்துப் பிரிப்பது சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது. பந்தய மைதானத்துக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. சிகாகோ மைதானங்களில் 1900 வாக்கில் வெள்ளை ஜாக்கிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, கறுப்பின ஜாக்கியின் குதிரையை இரண்டு பக்கமும் நெருக்கி வேலியோடு தேய்ப்பார்கள். சவுக்கு குதிரைமேல் விழாமல் ஆள்மேல் விழும். விங்க்ஃபீல்டும் அங்கே காயப்பட்டார். அடிபடும் ஜாக்கியை ஏற்றினால் தன் குதிரையும் அடிபடும் என்று முதலாளி யோசிப்பார். அடுத்த முறை வேறு ஆளைத் தேடுவார். தடை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. எழுத்திலும் வைக்கவில்லை.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் அடுத்தடுத்து நான்கு டெர்பிகள் ஓட்டினார். 1900-ல் மூன்றாம் இடம். 1901-ல் ஹிஸ் எமினென்ஸ் என்ற குதிரையில் முதலிடம். அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, நல்ல குதிரை, நன்றாக ஓட்டினார், வென்றார். 1902 டெர்பிதான் அவருடைய மூளையைக் காட்டிய பந்தயம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தாமஸ் மெக்டவல் என்பவருக்கு அந்த ஆண்டு டெர்பியில் இரண்டு குதிரைகள். ஒன்று ஆலன்-எ-டேல், இன்னொன்று தி ரைவல். விங்க்ஃபீல்ட் ஒன்றில் ஏறவேண்டும். நாஷ் டர்னர் என்ற புகழ்பெற்ற வெள்ளை ஜாக்கி மற்றதில். எது வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை டர்னருக்கு. காலைப் பயிற்சியில் ஆலன்-எ-டேலை ஓட்டிவந்தவர் விங்க்ஃபீல்ட். அதன் கால்கள் பலவீனம், ஆனால் வேகம் அசாத்தியம் என்பது அவருக்குத் தெரியும். அந்த வேகத்தை வெளியே காட்டவே இல்லை. தினமும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, சுமாரான குதிரை போல ஓட்டிக் காட்டினார். டர்னர் பார்த்தார், தி ரைவலைத் தேர்ந்தெடுத்தார்.

நம் ஊர் ரேஸ் பேச்சில் குதிரையை அடக்கி ஓட்டுவது என்றாலே மோசடி என்றுதான் பொருள். பந்தயத்தில் அடக்கினால் மோசடிதான், பணம் கட்டியவன் வயிற்றில் அடிப்பது. பயிற்சியில் அடக்கியதை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முதல் தேர்வு தனக்கு எந்நாளும் கிடைக்காது என்று தெரிந்தவர், கிடைத்த இரண்டாவது தேர்வையே முதலாவதாக்கிக்கொண்டார்.

பந்தய நாளில் நான்கே குதிரைகள். தூரம் ஒன்றேகால் மைல், ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஆலன்-எ-டேல் தொடக்கத்திலேயே பல நீளம் முன்னால் போய்விட்டது. கடைசிப் பகுதியில் கால் பிசகி நொண்டத் தொடங்கியது. பின்னால் மூன்று குதிரைகளும் நெருங்கி வருகின்றன. சவுக்கை எடுத்தால் குதிரை அங்கேயே உட்கார்ந்துவிடும். விங்க்ஃபீல்ட் என்ன செய்தார்? ஓடுதளத்தின் வெளிப்புறத்தில் மணல் ஆழமாகக் கிடந்ததை முன்பே பார்த்து வைத்திருந்தார். நெருங்கி வந்த குதிரைகளை அந்த மணல் பக்கம் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். மணலில் அவற்றின் வேகம் செத்தது. ஆலன்-எ-டேல் நொண்டிக்கொண்டே மூக்கு நீளத்தில் வென்றது. இன்வென்டர் இரண்டாமிடம், டர்னரின் தி ரைவல் மூன்றாமிடம்.

பயிற்சி ரகசியமும் மணல் விவரமும் விங்க்ஃபீல்ட் முதுமையில் தன் வாயால் சொன்னவை. ஜாக்கிகள் பழைய வெற்றியைச் சொல்லும்போது உப்பும் காரமும் கொஞ்சம் கூடும் என்பதை இந்தத் தொடரில் பலமுறை பார்த்துவிட்டோம். ஆனாலும் வெற்றியின் இடைவெளியும் மற்றவை வந்து சேர்ந்த வரிசையும் பதிவில் இருப்பவை. அவர் சொன்னதோடு முரண்படாதவை.

1903-ல் மூன்றாவது தொடர் வெற்றிக்கு அவர் மீதுதான் எல்லோரும் பணம் கட்டினார்கள். ஏர்லி என்ற குதிரை, மைதானத்தின் ஃபேவரிட். இம்முறை கணக்குத் தப்பியது. அவசரப்பட்டு முன்னால் விரட்டிவிட்டார். கடைசியில் ஜட்ஜ் ஹைம்ஸ் முந்திக்கொண்டது. முக்கால் நீளத்தில் தோல்வி. அதன்பிறகு கென்டக்கி டெர்பியில் அவர் ஏறவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். விங்க்ஃபீல்டை அமெரிக்காவிலிருந்து நிறவெறி துரத்தியது என்று ஒரே வரியில் எழுதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது உண்மைதான், முழுக் கதை இல்லை. 1903-ல் ஜான் மேடன் என்ற பெரும்புள்ளி, நியூயார்க்கில் ஃபியூச்சுரிட்டி பந்தயத்துக்கு அவரை ஒப்பந்தம் செய்திருந்தார். கடைசி நேரத்தில் இன்னொரு முதலாளி 3,000 டாலர் நீட்டினார். விங்க்ஃபீல்ட் வாக்கை மீறி அந்தப் பக்கம் போனார். ஏறிய குதிரையும் வெல்லவில்லை. மேடனின் கோபம் பொல்லாதது. இனி உனக்கு எங்கும் குதிரை கிடைக்காது என்று சொல்லிவிட்டார் என்கிறார்கள். மேடன் சொன்னால் நடக்கும். குதிரை வளர்ப்பிலும் வியாபாரத்திலும் அவருக்கு இருந்த செல்வாக்கு அப்படி.

தவறு விங்க்ஃபீல்டுடையது, ஐயமில்லை. ஆனால் ஒரு வெள்ளை ஜாக்கி இதே தவறைச் செய்திருந்தால் அபராதமோ ஒரு பருவத் தடையோ பெற்று மறுபடி ஏறியிருப்பார். ஏற்கெனவே பாதி சாத்தியிருந்த கதவு என்பதால், ஒரு தள்ளலில் முழுதாக மூடிக்கொண்டது. போதாக்குறைக்கு, சூதாட்ட எதிர்ப்புச் சட்டங்களால் அமெரிக்க மைதானங்களே ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிய காலம் வேறு.

1904-ல் லெக்ஸிங்டன்காரரான பயிற்சியாளர் ஜாக் கீன் ஒரு வழி காட்டினார். ரஷ்யாவில் லாசரெஃப் என்ற ஆர்மீனியச் செல்வந்தருக்கு ஜாக்கி வேண்டும். விங்க்ஃபீல்ட் கப்பலேறினார். ரஷ்யா அப்போது ஜப்பானோடு போரில் இருந்தது. மைதானங்களில் கூட்டம் குறையவில்லை. வந்த முதல் பருவத்திலேயே நாட்டின் முன்னணி ஜாக்கியாகிவிட்டார். மாஸ்கோவில் வென்றார், ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த வார்சாவில் டெர்பி வென்றார், ஜார் பெயரிலான பரிசுகளை வென்றார். இடையில் சில ஆண்டுகள் ஆஸ்திரியா, ஜெர்மனி பக்கம் ஓட்டிவிட்டு மறுபடி ரஷ்யாவுக்கே வந்தார். இம்முறை முதலாளி, பாக்கூ நகர எண்ணெய்க் கிணறுகளால் கொழித்த மந்தாஷெஃப் குடும்பத்து லியோன். மாஸ்கோவில் கிரெம்ளினுக்கு எதிரே நேஷனல் ஹோட்டலில் குடியிருப்பு. உடை எடுத்துவைக்க ஒரு வெள்ளைப் பணியாள். காலை உணவுக்கு மீன்முட்டைக் கேவியர். லெக்ஸிங்டனில் அடுத்தவர் ஷூவைத் துடைத்தவருக்கு இந்த வாழ்வு. ரஷ்ய மொழி சரளமாகப் பேசினார். ரஷ்யப் பெண்ணை மணந்தார்.

இதை வைத்து ஜாரின் ரஷ்யாவை நிறபேதம் இல்லாத சொர்க்கம் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்நாட்டு யூதர்களைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். 1905-ல் ஒடெசாவில் மட்டும் நூற்றுக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ரஷ்யச் சமூகம் வெறுப்பைக் கொட்டிய இடம் வேறு. விங்க்ஃபீல்ட் அந்தப் பாதையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

1917-ல் புரட்சி வந்தது. பந்தயக் குதிரை என்றாலே பிரபுக்களின் ஆடம்பரம். மாஸ்கோவில் நிலைமை கெட்டதும் குதிரைகளும் முதலாளிகளும் ஜாக்கிகளும் தெற்கே கருங்கடல் ஓரத்து ஒடெசாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். உள்நாட்டுப் போர் ஒருபுறம் நடக்க, அங்கே பந்தயங்களும் நடந்தன. நகரத்தைக் காக்க வந்திருந்த பிரெஞ்சுப் படை, 1919 ஏப்ரல் முதல் வாரத்தில் திடீரென்று மூட்டை கட்டிக் கப்பலேறியது. செம்படைப் பக்கம் நின்ற துருப்புகள் நகரத்தை நெருங்கின. துறைமுகத்தில் மனிதர்களுக்கே இடமில்லாத நேரம், குதிரைகளை யார் ஏற்றுவார்கள்?

லாயங்களில் 200-க்கும் மேற்பட்ட உயர்ரகக் குதிரைகள். விட்டுப் போனால் படைக்குப் போகும், இல்லையென்றால் கசாப்புக்குப் போகும். பல தலைமுறை வம்சாவளியைக் காத்து வளர்த்த குதிரைகள் அவை. யுர்யேவிச் என்ற போலந்துக்காரர் தலைமையில் ஒரு முடிவு எடுத்தார்கள்: ஓட்டிக்கொண்டே போய்விடுவது. எங்கே? வார்சாவுக்கு. நேர்வழியில் வடக்கே போனால் போர்முனை. ஆகவே மேற்கே திரும்பி, ருமேனியா வழியாக, திரான்சில்வேனிய மலைகளைத் தாண்டி, ஹங்கேரியைத் தொட்டு, மேலே போலந்துக்கு. மொத்தம் சுமார் 1,100 மைல், அதாவது 1,700 கிலோமீட்டருக்கு மேல். பயிற்சியாளர்கள், ஜாக்கிகள், லாயத்துப் பையன்கள், அவர்களுடைய குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டம். விங்க்ஃபீல்டுக்கு அப்போது 37 வயது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும். அவர்கள் நடந்த அதே ஏப்ரலில் ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் போர் மூண்டது. ஒரு போரிலிருந்து தப்பி இன்னொரு போருக்குள் நடந்தார்கள். ஒன்றேகால் மைல் ஓடிவிட்டு கம்பளி போர்த்திக்கொள்ளும் குதிரைகளை மலைப்பாதையில் வாரக்கணக்கில் நடத்துவது எளிதா? கொள்ளு கிடையாது, லாடம் அடிக்க ஆள் கிடையாது. வழியில் உணவு தீர்ந்தபோது, விழுந்த குதிரைகளின் இறைச்சியை உண்டு பிழைத்தார்கள். தன் கையால் தேய்த்து வளர்த்த குதிரையைத் தின்ன நேர்ந்ததை விங்க்ஃபீல்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோடையில் வார்சா போய்ச் சேர்ந்தபோது குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. மறுபிறப்பு எடுத்திருந்த போலந்தின் பந்தயத் துறைக்கு அவை முதலாகின. யுர்யேவிச் அத்துறையின் தலையாய மனிதர்களில் ஒருவரானார்.

என்னைக் கேட்டால், விங்க்ஃபீல்டின் மிகப் பெரிய சவாரி இதுதான். இதற்குக் கோப்பை கிடையாது. பந்தயப் பட்டியல் எதிலும் இது ஏறாது.

பிரெஞ்சுக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம், அது மகிழ்ச்சியான காலம். மகிழ்ச்சிக்கு வரலாற்றில் பக்கம் குறைவு. 1920 வாக்கில் பாரிஸ் வந்தார். தப்பி வந்திருந்த மந்தாஷெஃபுக்கே மறுபடி ஓட்டினார். 1923-ல் குடியரசுத் தலைவர் பெயரிலான பெரிய பந்தயத்தை வென்றார். லிடியா த மிங்க்விட்ஸ் என்ற ரஷ்யப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணை 1922-ல் மறுமணம் செய்து, பாரிஸுக்கு வடமேற்கே குதிரைகளின் ஊரான மெசோன்-லஃபித்தில் குடியேறினார். 1930-ல், 48 வயதில், ஜாக்கி உடையைக் கழற்றினார். எல்லா நாடுகளிலும் சேர்த்து 2,500-க்கு மேற்பட்ட வெற்றிகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு சொந்த லாயம், பயிற்சியாளர் வேலை.

1940-ல் ஜெர்மானியர் வந்தார்கள். லாயத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். அறுபதை நெருங்கிய, இரண்டு டெர்பி வென்ற மனிதருக்கு நியூயார்க்கில் கிடைத்த வேலை, ரோடு போடுவதற்குப் பாறை உடைக்கும் இயந்திரத்தைப் பிடிப்பது. அப்புறம் தெற்கு கரோலினாவின் ஐகென் ஊரில் ஒரு லாயத்தில் குதிரை பார்க்கும் வேலை. அங்கே தான் யார் என்று அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சேர்த்த பணத்தோடு 1953-ல் பிரான்ஸ் திரும்பி மறுபடி குதிரை பழக்கினார்.

1961-ல் அமெரிக்க விளையாட்டு இதழ் ஒன்று அவரைத் தேடிக் கண்டுபிடித்து நீண்ட கட்டுரை எழுதியது. அந்த ஆண்டு டெர்பியை ஒட்டி, பந்தய எழுத்தாளர்கள் சங்கம் லூயிவில்லின் பிரவுன் ஹோட்டலில் வைத்த விருந்துக்கு அழைப்பு வந்தது. மகள் லிலியானோடு போனார். வாசலில் நிறுத்தினார்கள். கறுப்பினத்தவருக்கு முன்வாசல் அனுமதி இல்லை. அழைப்பு இருக்கிறது என்று சொல்லி, நெடுநேரம் காத்திருந்த பிறகே உள்ளே விட்டார்கள். உள்ளே மேஜையில் அவர்களோடு பேச யாரும் வரவில்லை. ஒரே ஒருவர் வந்தார்: 1913 டெர்பியை வென்ற வெள்ளை ஜாக்கி ரோஸ்கோ கூஸ். இரண்டு கிழவர்களும் குதிரைக் கதை பேசினார்கள். அடுத்து விங்க்ஃபீல்ட் டெர்பியைப் பார்த்தார். கேரி பேக் என்ற குதிரை வென்றது. அன்று ஓடிய எந்தக் குதிரையின் மீதும் கறுப்பின ஜாக்கி இல்லை.

அவர் 1974 மார்ச் 23 அன்று மெசோன்-லஃபித்தில் காலமானார். அமெரிக்கப் பந்தய அருங்காட்சியகம் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2004-ல், இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. மர்ஃபியை 1955-லேயே சேர்த்துவிட்டார்கள். 1902-க்குப் பிறகு இன்றுவரை கறுப்பின அமெரிக்க ஜாக்கி எவரும் கென்டக்கி டெர்பியை வெல்லவில்லை. 1921-க்கு அப்புறம் அதில் ஓட்டுவதற்கே 2000-ல் மார்லன் செயின்ட் ஜூலியன் வரவேண்டியிருந்தது. அவர் ஏழாவதாக வந்தார்.

விருந்தில் விங்க்ஃபீல்டோடு உட்கார்ந்த ரோஸ்கோ கூஸின் கதை அடுத்த இதழில். அவர் ஏறிய டோனரெயில் மீது ஒன்றுக்கு 91 என்று பந்தயம் கட்டப்பட்டது. இரண்டு டாலர் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு 184 டாலர் 90 சென்ட் கிடைத்தது.

(தொடரும்)